வகுப்பறையும் மனச்சான்றும்

2015-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள், அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வு நாடெங்கும் நடைபெற்றது. அவ்வாண்டு மே மாதத்தில் முதலில் நடந்த தேர்வில், ஆடைக்குள் மறைத்துவைத்த மின்னணுக் கருவிகளின் வாயிலாக விடைகள் அனுப்பப்பட்ட மோசடி வெளிப்பட்டதால், உச்ச நீதிமன்றம் அத்தேர்வை இரத்துச் செய்து மறு தேர்வுக்கு ஆணையிட்டிருந்தது. ஆகவே இம்முறை கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாயிருந்தன. முழுக்கை உடை ஆகாது. பெரிய பொத்தான்கள் ஆகா. நகையும் கைக்கடிகாரமும் ஆகா. காலில் செருப்பு மட்டுமே அணியலாம். திருவனந்தபுரத்தில் ஒரு தேர்வு மையத்துக்குத் துறவற உடையில் வந்த அருட்சகோதரி ஒருவரிடம், முக்காட்டையும் கழுத்திலிருந்த சிலுவையையும் கழற்றினாலன்றி உள்ளே செல்ல இயலாது என்று கூறப்பட்டது. அவர் தேர்வை எழுதாமலே திரும்பிச் சென்றார்.

இச்செய்தி கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் வருத்தத்தோடு பேசப்பட்டது. அது இயல்பே. ஆயினும் அதற்கு முந்திய சில நாள்களில் நடந்தவற்றை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? ஜூலை 21-ஆம் நாள் இசுலாமிய மாணவியர் இருவர் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகி, தலைத்துணியும் முழுக்கை ஆடையும் அணிந்து தேர்வெழுத அனுமதி பெற்றிருந்தனர். வேண்டுமாயின் பெண் கண்காணிப்பாளர் அவர்களைச் சோதிக்கலாம் என்பது நிபந்தனை. ஆனால் அந்த அனுமதி அவ்விருவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. பிற மாணவியர்க்கும் அவ்வுரிமை வேண்டும் என்ற மனு 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, ஒரு நாள் தலைத்துணியின்றித் தேர்வெழுதினால் ஒருவரது நம்பிக்கை மறைந்துவிடாது என்னும் கருத்தைத் தெரிவித்து, நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. மறுநாள் அதே கட்டுப்பாடுதான் நம் அருட்சகோதரியின் வழியிலும் குறுக்கிட்டது.

சமயச் சுதந்திரம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் தனியே காக்கப்படக்கூடிய சொத்தன்று. அரசுக் கல்லூரியின் வாயிலில் பிறர் பிள்ளைக்கு இன்று மறுக்கப்படுவது நாளை நம் பிள்ளைக்கும் மறுக்கப்படலாம். அதுபோலவே, அரசுக் கல்லூரியில் நம் பிள்ளைக்காக நாம் வேண்டுவதை, நாம் நடத்தும் கல்லூரியில் பயிலும் பிறர் பிள்ளைக்கு நாமே வழங்கக் கடமைப்பட்டிருக்கிறோம். கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு கத்தோலிக்கக் குடும்பமும் இவ்விரண்டையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆம் விதி, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலவாழ்வு, ஏனைய அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டு, எல்லா மனிதர்க்கும் மனச்சான்றின் சுதந்திரத்தை அளிக்கிறது. தம் சமயத்தை வெளிப்படையாக அறிக்கையிடவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை தருகிறது. ‘எல்லா மனிதர்க்கும்’ என்றே அவ்விதி பேசுகிறது. மாணவர் என்ற காரணத்தால் எவரும் அதிலிருந்து விலக்கப்படவில்லை.

28-ஆம் விதி கல்வி நிலையங்களைப் பற்றியது. முற்றிலும் அரசின் நிதியால் நடத்தப்படும் நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பிற நிறுவனங்களில் சமயப் போதனையும் வழிபாடும் நடைபெறலாம்; ஆனால் எந்த மாணவரையும் அவரது இசைவின்றி, அவர் வயது வராதவராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவின்றி, அவற்றில் பங்கேற்கும்படி கட்டாயப்படுத்தலாகாது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அரசுக் கல்லூரி எச்சமயத்தையும் போதிப்பதில்லை என்பது அரசின் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. அக்கல்லூரியில் பயிலும் மாணவர் தம் சமயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அதன் பொருளன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பல குழப்பங்கள் எழுகின்றன.

இவ்வேறுபாடு புதியதும் அன்று. 1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் அனுப்பிய புகழ்பெற்ற கல்வி அறிக்கை, அரசுப் பள்ளிகளும் கல்லூரிகளும் சமய நடுநிலையோடு நடத்தப்பட வேண்டும் என்று வகுத்தது. அதே அறிக்கை, நூலகத்தில் விவிலியம் இருப்பதற்கோ, மாணவர் தாமே விரும்பிக் கேட்டால் வகுப்பு நேரத்துக்குப் புறம்பே ஆசிரியர் விளக்கம் கூறுவதற்கோ தடை விதிக்கவில்லை. ஆண்டவர் கிறிஸ்தவரே ஆயினும், வகுப்பு நேரத்தில் கிறிஸ்தவம் புகட்டப்படலாகாது என்பது அன்றைய கொள்கையாயிருந்தது.

அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைகளில் நாம் நினைவில் வைக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1948 டிசம்பர் 6-ஆம் நாள், சமயத்தைப் பரப்பும் உரிமை பற்றிய விவாதத்தின்போது, சென்னை மாகாணத்து உறுப்பினர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் ஏறத்தாழ 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பயின்றதாகவும், தம்மைத் தம் சமயத்தினின்று மாற்றும் முயற்சி எதுவும் அங்கு நடைபெறவில்லை என்றும் சான்று பகர்ந்தார். சென்னை லொயோலா கல்லூரியின் முதல்வராயிருந்த சேசு சபைத் தந்தை ஜெரோம் டிசூசாவும் அந்தச் சபையின் உறுப்பினரே. பரப்பும் உரிமை சட்டத்தில் நிலைபெற்றது. கிறிஸ்தவர் நடத்திய வகுப்பறைகளில் பிறரது மனச்சான்று மதிக்கப்பட்டது என்ற உண்மை, கிறிஸ்தவரின் உரிமைக்காகப் பிற சமயத்தவர் ஒருவர் பேசியபோது வலுவான சான்றாயிற்று. இதை நம் கல்லூரிகளை நடத்துவோரும் மறத்தலாகாது.

பாடாத மூன்று பிள்ளைகள்

மாணவரின் மனச்சான்று பற்றி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளுள் தலைசிறந்தது, பள்ளிப் பிள்ளைகள் மூவரைப் பற்றியது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறு சமயக் குழுவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அவர்கள். நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையாக எழுந்து நிற்பர், ஆனால் பாடமாட்டார். இறைவனைத் தவிர வேறெதற்கும் வாழ்த்துப் பாடுதல் தம் நம்பிக்கைக்கு முரண் என்பது அவர்களது எண்ணம். 1985-இல் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைக் கண்டு சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணை நடைபெற்றது. பிள்ளைகள் நல்லொழுக்கமுடையோர் என்றும், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றும் விசாரணையிலேயே தெரியவந்தது. இருந்தும் ஜூலை 26-ஆம் நாள் அவர்கள் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

1986 ஆகஸ்டு 11-ஆம் நாள், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம். எம். தத்தும் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டுப்பண்ணை ஒவ்வொருவரும் பாடியே தீரவேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை. எழுந்து நிற்பதே உரிய மரியாதை. பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. அந்நம்பிக்கை பிறர்க்கு விந்தையாகத் தோன்றலாம். நீதிபதிகளின் தனிப்பட்ட கருத்து இங்கு அளவுகோல் அன்று. அந்நம்பிக்கை உண்மையாகவும் உளமாரவும் கொள்ளப்பட்டதா என்பதே வினா என்று அத்தீர்ப்பு தெளிவுறுத்தியது. சகிப்புத்தன்மை இந்நாட்டின் மரபு என்றும், அதை நீர்த்துப்போகச் செய்யலாகாது என்றும் அது அறிவுறுத்தி முடிந்தது.

யெகோவாவின் சாட்சிகளுடைய கொள்கைகளைக் கத்தோலிக்கராகிய நாம் ஏற்பதில்லை. அக்குழுவினர் வீடு வீடாக வரும்போது கதவைச் சாத்துவோரும் நம்மில் உண்டு. ஆனால் அந்த மூன்று பிள்ளைகள் பெற்றுத் தந்த பாதுகாப்பு நம் பிள்ளைகளுக்கும் நிழல் தருகிறது.

உடுப்பியில் எழுந்த வினா

36 ஆண்டுகளுக்குப் பின் அதே வினா கல்லூரி வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. கருநாடக மாநிலம் உடுப்பியிலுள்ள அரசு மகளிர் புகுமுகக் கல்லூரியில், 2021-ஆம் ஆண்டின் இறுதியில், ஹிஜாப் எனப்படும் தலைத்துணி அணிந்த மாணவியர் சிலர் வகுப்பினுள் அனுமதிக்கப்படவில்லை. வேறு கல்லூரிகளில் காவித் துண்டு அணிந்த மாணவர்கள் எதிர்முழக்கம் எழுப்பினர். 2022 பிப்ரவரி 5-ஆம் நாள், நிர்வாகம் வகுத்த சீருடையையே அணிய வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட்டது. கலவரம் அஞ்சிக் கல்வி நிலையங்கள் சில நாள் மூடப்பட்டன.

மார்ச் 15-ஆம் நாள் கருநாடக உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, அரசின் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஹிஜாப் அணிதல் இசுலாத்தில் இன்றியமையாத சமய வழக்கம் அன்று. சீருடை நியாயமான கட்டுப்பாடே. வகுப்பறை என்பது தனியுரிமைகள் முழு வீச்சில் இயங்கும் இடமன்று என்பன அதன் காரணங்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்புகளை எழுதினர். நீதிபதி ஹேமந்த் குப்தா, சீருடை மாணவரிடையே சமத்துவத்தை வளர்க்கிறது என்றும், ஒரு சமூகத்தார்க்கு மட்டும் சமயச் சின்னம் அணிய இசைவளிப்பது மதச்சார்பின்மைக்கு முரண் என்றும் கருதினார். நீதிபதி சுதான்ஷு தூலியா, பள்ளியைச் சிறைச்சாலைக்கோ படை முகாமுக்கோ ஒப்பிடுதல் பொருந்தாது என்றார். எது இன்றியமையாத வழக்கம் என்னும் ஆராய்ச்சியே இவ்வழக்குக்குத் தேவையில்லை என்றும், பாடாத மூன்று பிள்ளைகளின் வழக்கே இதற்கு வழிகாட்டி என்றும் எழுதினார். எத்தனையோ தடைகளைக் கடந்து கல்லூரி வாயிலுக்கு வந்த ஒரு பெண்ணைத் தலைத்துணிக்காகத் திருப்பி அனுப்புவதால் அவள் வாழ்வை நாம் மேம்படுத்துகிறோமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. கருத்து வேறுபட்டமையால், வழக்கைப் பெரிய அமர்வின் முன் வைக்கும்படி தலைமை நீதிபதிக்கு அனுப்பினர்.

நீதிமன்றங்கள் வாதிட்டுக்கொண்டிருந்த மாதங்களில் மாணவியர் சிலர் தேர்வெழுதவில்லை; சிலர் வேறு நிறுவனங்களை நாடிச் சென்றனர். கல்விக்கும் மனச்சான்றுக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு 17 வயதுப் பெண் வற்புறுத்தப்படும்போது, எதைத் தெரிந்தாலும் அவளுக்கு இழப்பே மிஞ்சுகிறது. இது நம் இல்லத்துப் பெண்ணுக்கு நேர்ந்தால் எவ்வாறிருக்கும் என்று தாய்மார் சற்றே எண்ணிப்பார்க்கட்டும்.

இன்றியமையாதது எது என்று அளப்பது யார்?

‘இன்றியமையாத சமய வழக்கம்’ என்னும் அளவுகோல் எங்கிருந்து வந்தது? 1954-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த சிரூர் மட வழக்கிலிருந்தே வந்தது. சிரூர் மடம் உடுப்பியின் எட்டு மடங்களுள் ஒன்று. அந்நாளில் உடுப்பி சென்னை மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. மடத்தின் நிர்வாகத்தில் சென்னை அரசின் அறநிலையச் சட்டம் எவ்வளவு தலையிடலாம் என்பது வழக்கு. ஒரு சமயத்தில் எது இன்றியமையாதது என்பதை, முதன்மையாக அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும் என்று அன்று கூறப்பட்டது. சமயத்தைக் காக்கும் நோக்குடன் பிறந்த அளவுகோல் அது. காலப்போக்கில், நீதிமன்றமே மறைநூல்களைப் புரட்டி, இது தேவை, இது தேவையன்று என்று தீர்ப்புக் கூறும் நிலைக்கு அது வந்துவிட்டது.

இந்த அளவுகோலை நம் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். திருநீற்றுப் புதனன்று காலைத் திருப்பலியில் நெற்றியில் சாம்பல் பெற்று, அப்படியே அரசுக் கல்லூரிக்குச் செல்லும் மாணவனை எண்ணிக்கொள்ளுங்கள். சாம்பல் பூசிக்கொள்வது திருச்சபைச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டதா? இல்லை. அன்று நோன்பும் இறைச்சி தவிர்த்தலுமே கட்டளை. கழுத்தில் உத்தரியம் அணிவது கட்டாயமா? அதுவும் இல்லை. சட்டைப்பையில் செபமாலை வைத்திருக்க வேண்டும் என்று கட்டளை உண்டா? அதுவும் இல்லை. அருட்சகோதரியரின் முக்காட்டைப் பற்றி, துறவியர் தம் சபையின் உடையை அணிய வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 669-ஆம் விதி கூறுகிறதே எனலாம். ஆனால் முக்காடின்றி எளிய சேலை உடுத்தும் சபையினரும் நம்மிடையே பலர் உண்டே, பின் முக்காடு எவ்வாறு இன்றியமையாததாகும் என்று எதிர்வழக்கறிஞர் கேட்டால் என்ன விடை கூறுவோம்?

தாயிடமிருந்து பெற்ற உத்தரியத்தைக் கழற்ற மறுக்கும் பெண்ணின் பக்தி, கட்டளை இல்லாமையால் பொய்யாகிவிடுமா? சமய வாழ்வில் பெரும் பகுதி, கட்டளைக்கு அப்பால் அன்பினால் செய்யப்படுவதே. ஆகையால், ‘இது உன் சமயத்தில் கட்டாயமா?’ என்று கேட்பதைக் காட்டிலும், ‘இதை நீ உளமாரக் கடைப்பிடிக்கிறாயா? இதனால் பிறர்க்குத் தீங்கு உண்டா?’ என்று கேட்பதே நேர்மையான முறை. 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நம்மை இட்டுச்செல்வது இவ்வழியில்தான்.

2024 ஆகஸ்டு 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மும்பையிலுள்ள ஒரு தனியார் கல்லூரியின் சுற்றறிக்கையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. ஹிஜாப், தொப்பி, சின்னங்கள் முதலியவற்றை வளாகத்தில் தடைசெய்த சுற்றறிக்கை அது. மாணவரின் சமயம் வெளிப்படலாகாது என்பதே நோக்கமாயின், அவர்களது பெயர்களே சமயத்தைக் காட்டிவிடுமே என்றும், நெற்றியில் திலகம் இட்டவர்களையும் தடுப்பீர்களா என்றும் நீதிபதிகள் வினவினர். வகுப்பறையினுள் முகத்தை மூடும் பர்தாவுக்கு மட்டும் அவர்கள் இசையவில்லை.

உரிமைக்கும் எல்லை உண்டு

மறுபக்கத்து நியாயங்களையும் நாம் மதித்தல் வேண்டும். சீருடை, செல்வர் வீட்டுப் பிள்ளையையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையையும் ஒரே வரிசையில் அமர்த்துகிறது. தேர்வு மண்டபத்தில் நேர்மையான மாணவன் ஏமாற்றப்படாதிருக்கச் சோதனை தேவை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எரியும் சுடரருகே தொங்கும் துணி ஆபத்தானது. அறுவைக் கூடத்தில் தூய்மை விதிகள் யாவர்க்கும் பொது. தன் சமயத்தின் பெயரால் பிறரை அச்சுறுத்தவும், வகுப்பைக் குலைக்கவும் எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் இடம்கொடுத்துத் தீர்வு காண இயலும். இதைத் தேர்வு மண்டபமே மெய்ப்பித்திருக்கிறது. 2016 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், தலைத்துணியோடு தேர்வெழுத விரும்புவோர் அரை மணி நேரம் முன்னதாக வந்து சோதனைக்கு உட்பட வேண்டும் என்று வழி வகுத்தது. பின்னர் நீட் தேர்வுக்கான அறிவுரைகளிலும், சமய மரபு உடையில் வருவோர் சோதனைக்காக முன்னதாகவே வரவேண்டும் என்னும் குறிப்பு இடம்பெற்றது. தேர்வின் தூய்மையும் கெடவில்லை, மனச்சான்றும் காக்கப்பட்டது. 2015-இல் இயலாது என்று கூறப்பட்டது, சிறிது முன்யோசனையால் இயன்றுவிட்டது.

பாடமும் விசுவாசமும்

வகுப்பறையில் மனச்சான்று சோதிக்கப்படுவது உடையினால் மட்டுமன்று. பாடத்தினாலும் சோதிக்கப்படுகிறது. பேராசிரியர் ஒருவர் பரிணாமக் கோட்பாட்டை விளக்கும்போதோ, சிலுவைப் போர்களைப் பற்றிப் பேசும்போதோ, சமயத்தையே மூடநம்பிக்கை என்று எள்ளும்போதோ, நம் பிள்ளைகளின் உள்ளம் கலங்குவதுண்டு.

இதில் இரு செய்திகளைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவோமாக. கடினமான கேள்விகளைக் கேட்காதிருக்கும் உரிமையைச் சமயச் சுதந்திரம் எவர்க்கும் தருவதில்லை. பாடத்தை நன்கு கற்று, தேர்வில் பாடத்துக்குரிய விடையை எழுதுவது விசுவாசத் துரோகம் ஆகாது. உண்மையைக் கண்டு திருச்சபை அஞ்சவேண்டியதில்லை. மரபியலின் தந்தை எனப்படும் மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. பேரண்டம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதிய லெமேத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. பரிணாமக் கோட்பாடு வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு எழுதினார்.

ஆனால் மாணவரின் நம்பிக்கையைக் கேலிப் பொருளாக்கி, அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் உரிமை எந்த ஆசிரியர்க்கும் இல்லை. அரசின் ஊதியம் பெறும் ஆசிரியர் எச்சமயத்தையும் புகட்டலாகாது என்றால், எச்சமயத்தையும் இழிவுபடுத்தவும் ஆகாது. சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் வேறு, சமயத்தைப் போதித்தல் வேறு என்பதை 2002 செப்டம்பர் 12-ஆம் நாள் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே சமயங்களைப் பற்றிய பேச்சே வகுப்பறையில் எழலாகாது என்பதில்லை. கலந்துரையாடலில் தன் முறை வரும்போது நம் மாணவன் தன் நம்பிக்கையைப் பணிவோடும் தெளிவோடும் எடுத்துரைக்கலாம். அதற்கு அவன் தன் விசுவாசத்தை அறிந்திருக்க வேண்டும். உறுதிப்பூசுதலோடு மறைக்கல்வியை முடித்துக்கொண்ட பிள்ளை, கல்லூரியில் கேட்கும் முதற் கேள்விக்கே வாயடைத்துப்போவதற்குப் பேராசிரியரை மட்டும் குறைகூறுதல் நியாயமாகுமா?

நம் கல்லூரிகளில்

இனி நம்மை நாமே சோதித்தறிவோம். 2022 பிப்ரவரியில், உடுப்பி வழக்கின் இடைக்கால ஆணை நடப்பிலிருந்த நாள்களில், பெங்களூரில் கன்னியர் நடத்தும் ஒரு கல்லூரியில் சீக்கிய மாணவி ஒருவர் தலைப்பாகையைக் கழற்றுமாறு கேட்கப்பட்டார். ஆணையைப் பின்பற்ற வேண்டியிருந்தது என்பது நிர்வாகத்தின் விளக்கம். எனினும் மூவாண்டுகளோ ஏழாண்டுகளோ கழித்து இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, திருவனந்தபுரத்துத் தேர்வு மையம் நம் நினைவுக்கு வராமற்போகுமா?

1965 டிசம்பர் 7-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 2,308 வாக்குகள் ஆதரவாகவும் 70 வாக்குகள் எதிராகவும் பதிவாகச் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை ஏற்று வெளியிட்டது. சமயக் காரியங்களில் எவரும் தம் மனச்சான்றுக்கு மாறாகச் செயற்படும்படி வற்புறுத்தப்படலாகாது. தகுந்த எல்லைக்குள், தனித்தும் பிறரோடு சேர்ந்தும், மறைவிலும் வெளியிலும் மனச்சான்றின்படி நடப்பதினின்று எவரும் தடுக்கப்படவும் ஆகாது என்று அது போதிக்கிறது. இவ்வுரிமை கத்தோலிக்கர் என்பதால் வருவதன்று. மனிதரின் மாண்பிலிருந்தே பிறக்கிறது. தம் மனச்சான்றுக்கு எதிராகக் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவும்படி எவரையும் வற்புறுத்துதல் ஒருபோதும் முறையாகாது என்று திருச்சபைச் சட்டத்தின் 748-ஆம் விதியும் கூறுகிறது.

எனவே நம் கல்லூரிகளில் கத்தோலிக்க மாணவர்க்கு மறைக்கல்வியும் பிறர்க்கு நன்னெறி வகுப்பும் தனித்தனியே நடத்தும் வழக்கம் அரசின் சட்டத்துக்கும் திருச்சபையின் போதனைக்கும் இசைந்த நல்வழக்கமாகும். காலைச் செபத்தின்போது பிற சமய மாணவர் அமைதியாக நிற்பதே போதுமானது. உதடு அசைகிறதா என்று உற்றுநோக்க வேண்டியதில்லை. பாடாத மூன்று பிள்ளைகளின் வழக்கு நமக்கும் பொருந்தும். இரமலான் நோன்பிருக்கும் மாணவியின் களைப்பையும், சபரிமலைக்கு மாலையிட்ட மாணவனின் கறுப்பு உடையையும் நம் ஆசிரியர்கள் பரிவோடு நோக்கட்டும். மலைப்பொழிவில் ஆண்டவர் தந்த பொன்விதிக்கு வகுப்பறையில் கிடைக்கும் விளக்கம் இதுவே.

பெற்றோர் செய்யத்தக்கவை

கல்லூரியில் சேர்க்குமுன் அதன் விதிமுறை ஏட்டைப் பெற்றோர் முழுமையாகப் படித்தல் நன்று. சீருடை, வருகைப் பதிவு, விடுமுறை ஆகியவை பற்றி ஐயம் இருப்பின் முன்கூட்டியே கேட்டறியலாம். பெரிய வெள்ளியன்றோ ஞாயிறன்றோ சிறப்பு வகுப்பு வைக்கப்படின், மாணவரே முதல்வர்க்குப் பணிவாக எழுத்தில் விண்ணப்பிக்கட்டும். கடைசி நாளில் வாயிலில் நின்று வாதாடுவதைவிட, ஒரு மாதம் முன்னர் கொடுத்த ஒரு பக்கக் கடிதம் மிகுந்த பயன் தரும். அக்கடிதத்தின் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதும் நலம்.

நீட் போன்ற பெருந்தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறுவது வழக்கமாயிருக்கிறது. அதற்காகத் திருப்பலியைக் கைவிட வேண்டியதில்லை. முந்திய நாள் மாலைத் திருப்பலியிலே பங்கேற்றாலும் கடன் நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1248-ஆம் விதி இடம் தருகிறது. பங்குத் தந்தையர் தேர்வு நாளை மனத்திற்கொண்டு சனி மாலைத் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தால் பல குடும்பங்கள் நன்றி பாராட்டும்.

கல்லூரியில் நம் மாணவர் தனித்து விடப்படுதலும் ஆகாது. 1924-இல் தொடங்கிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கமாகிய அய்க்கஃப் போன்ற அமைப்புகளில் அவர்கள் சேர்ந்து பழகட்டும். உண்மையான அநீதி நேர்ந்து, கடிதங்களும் உரையாடலும் பயன்தராதபோது, மாநில, தேசியச் சிறுபான்மையினர் ஆணையங்களுக்கு முறையிடலாம். 226-ஆம் விதியின்கீழ் உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம். இவை கலகம் செய்யும் வழிகள் ஆகா. குடிமக்களுக்குச் சட்டமே திறந்துவைத்த வாயில்கள் இவை.

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அடுத்த வீட்டு இசுலாமியப் பெண்ணோ, சீக்கிய இளைஞனோ, கடவுள் இல்லை எனக் கூறும் மாணவனோ தன் மனச்சான்றின் பொருட்டு வகுப்பறைக்கு வெளியே நிற்கும்போது, இது நம் காரியமன்று என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. நம் பிள்ளைகள் அவர்களுக்காகத் தம் முதல்வரிடம் ஒரு வார்த்தை பேசும் துணிவு பெறட்டும். உணவு வேளையில், செபமாலைக்குப் பின், இக்காரியங்களை வீட்டில் பேசுங்கள். ‘உன்னோடு படிப்பவர்களில் யாரேனும் தன் சமயத்தால் துன்புறுகிறார்களா? நீ என்ன செய்தாய்?’ என்று பெற்றோர் கேட்கும் இல்லங்களில், தம் விசுவாசத்தில் உறுதியும் பிறர் விசுவாசத்தில் மரியாதையும் உள்ள மக்கள் வளர்வர். அத்தகைய மக்களை நம் நாட்டின் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்கும் பேற்றை இறைவன் நம் குடும்பங்களுக்கு அருள்வாராக.